"வேற தாத்தா வாங்கிக்கலாம்" என்று சொன்ன மகள்

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது ஆகிறது. மதுரையில் மாமனார், மாமியாரோடு ஒன்றாக இருக்கிறோம். வீட்டில் யார் என்ன பேசினாலும் இவளிடம் ஒரு யோசனை தயாராக இருக்கும். மேனேஜர் திட்டிவிட்டார் என்று நான் புலம்பினால், "அவருக்குப் பசிச்சிருக்கும்மா, நாளைக்கு முறுக்கு கொண்டுபோய்க் குடு" என்பாள். தூக்கமே வரவில்லை என்ற மாமனாரிடம், "தூங்கவே கூடாதுன்னு நினைச்சுக்கிட்டுப் படுங்க தாத்தா, உடனே தூக்கம் வந்துரும்" என்றாள். எனக்கும் கணவருக்கும் வாக்குவாதம் வந்தால், "அப்பா, மெதுவாப் பேசுங்க. அம்மா, நீ அடுப்படிக்குப் போ" என்று நடுவில் வந்து நிற்பாள். கணவர் இதையெல்லாம் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போடுகிறார். சொந்தக்காரர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

போன மாதம் கேதம் கேட்கப் போன வீட்டில், தாத்தாவைப் பறிகொடுத்து அழுதுகொண்டிருந்த சின்னப் பாட்டியின் தோளைத் தட்டி, "அழாதீங்க பாட்டி, வேற தாத்தா வாங்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டாள். எல்லோரும் வாயடைத்துப் போனார்கள். அன்றிலிருந்து என் மாமியார், "இது பிஞ்சுலயே பழுத்தது, வாயை இப்பவே அடக்கி வை" என்கிறார். நான் அவளைக் கண்டிக்க வேண்டுமா? அவள் பேசுவதைக் கேட்டுச் சிரிக்கலாமா, கூடாதா? சில நேரம் அவள் சொல்வது சரியாகவும் இருக்கிறதே?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: கேத வீட்டில் நடந்ததுதான் உங்களை அதிகம் உறுத்துகிறது என்று தெரிகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் மகள் அங்கே மரியாதைக் குறைவாக எதுவும் செய்யவில்லை. ஒரு பாட்டி அழுவதைப் பார்த்தாள். யாரும் சொல்லாமலே அவர் பக்கத்தில் போனாள். தோளைத் தட்டினாள். தன்னிடம் இருந்ததிலேயே நல்ல ஆறுதல் எதுவோ அதைச் சொன்னாள்.

அந்த ஆறுதலை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் பலூன் வெடித்தபோது, பென்சில் தொலைந்தபோது, ஐஸ்கிரீம் கைதவறிக் கீழே விழுந்தபோது வீட்டில் என்ன சொல்லியிருப்பீர்கள்? "அழாத, வேற வாங்கிக்கலாம்." எல்லா வீட்டிலும் சொல்வது இதைத்தான். அவளுடைய ஐந்து வருட வாழ்க்கையில் இந்த வார்த்தை பெரும்பாலும் பலித்திருக்கிறது. அழுகை நின்றிருக்கிறது, வேறு பலூனும் வந்திருக்கிறது. அப்படிப்பட்ட மருந்தை ஒரு பாட்டிக்குக் கொடுக்காமல் அவள் எப்படி இருப்பாள்?

பாட்டிக்கு வந்திருக்கும் இழப்பு எப்படிப்பட்டது என்பதுதான் அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. இறந்தவர் திரும்பி வரமாட்டார், அவருக்குப் பசியும் வலியும் இருக்காது, எல்லோருக்கும் ஒருநாள் இது உண்டு என்ற மூன்றும் குழந்தைக்கு ஒரே நாளில் விளங்குவதில்லை. அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஸ்பீஸ், பிரென்ட் என்ற இருவர், பெரும்பாலான குழந்தைகளுக்கு ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் இது பிடிபடுகிறது என்று 1984-இல் எழுதினார்கள். உங்கள் மகள் இப்போதுதான் அந்த வயதுக்குள் வருகிறாள். அவளுக்குப் புரியவைக்க இது நல்ல நேரம், கண்டிப்பதற்கான நேரம் அல்ல.

அதனால் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நேரான வார்த்தையில் சொல்லுங்கள். "சின்னத் தாத்தா செத்துப் போயிட்டார். அவர் உடம்பு வேலை செய்யறது நின்னு போச்சு. திரும்ப வரமாட்டார். அவரை மாதிரி இன்னொருத்தரை வாங்க முடியாது. அதனாலதான் பாட்டி அழறாங்க." இவ்வளவு போதும். "தூங்குறார்", "ஊருக்குப் போயிருக்கார்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிக் கேட்ட குழந்தைகள் தூங்கப் போகவே பயப்படுவதையும், ஊருக்குக் கிளம்பும் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு கதறுவதையும் என் ஆலோசனை அறையில் பார்க்கிறேன். "சாமிகிட்டப் போயிட்டார்" என்பது உங்கள் வீட்டு நம்பிக்கை என்றால் அதையும் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் திரும்பி வரமாட்டார் என்பதைச் சேர்த்தே சொல்லுங்கள். இல்லையென்றால், சாமி எப்போது திருப்பி அனுப்புவார் என்று அடுத்த நாள் கேட்பாள். "நீயும் செத்துப் போவியாம்மா?" என்றும் கேட்கலாம். அப்போது பதறாமல், "எல்லாருக்கும் ஒருநாள் அது வரும். ஆனா பெரும்பாலும் ரொம்ப வயசான பிறகுதான் வரும். நான் உன்கூட ரொம்ப நாள் இருப்பேன்னு நம்புறேன்" என்று சொல்லி அணைத்துக்கொள்ளுங்கள்.

அன்று எல்லோர் முன்னாலும் அவளை அதட்டியிருந்தால் அவள் என்ன கற்றுக்கொண்டிருப்பாள் என்பதையும் பாருங்கள். எந்த வார்த்தை தவறு என்று அவளுக்குப் புரிந்திருக்காது. அழுகிறவர் பக்கத்தில் போனால் அடி விழும் என்பது மட்டும் பதிந்திருக்கும். அது நமக்கு வேண்டாம். போனது சரி, சொன்னதைத்தான் மாற்ற வேண்டும். ஐந்து வயதில் இதைச் சொல்லிக்கொடுக்க முடியும், ஆனால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அடுத்த முறை இப்படி ஒரு வீட்டுக்குப் போகும்போது ஆட்டோவிலேயே சொல்லுங்கள்: "அங்க பெரியவங்க அழுவாங்க. நீ பக்கத்துல போய் உட்காரலாம், கையைப் பிடிச்சுக்கலாம். ஏதாவது சொல்லணும்னு தோணினா முதல்ல என் காதுல சொல்லு." காதில் சொல்வது அவளுக்கு விளையாட்டாகவும் இருக்கும், உங்களுக்கு ஒரு நிமிட அவகாசமும் கிடைக்கும்.

முடிந்தால் அந்தச் சின்னப் பாட்டியைப் பார்க்க அவளை இன்னொரு முறை கூட்டிப் போங்கள். காரியம் முடிந்து, கூட்டம் கலைந்த பிறகு வீடு வெறிச்சோடிக் கிடக்கும் அல்லவா, அப்போது போனால் நல்லது. அவர் அன்று கோபப்பட்டார் என்று நீங்கள் எழுதவில்லை. வாயடைத்துப் போனவர்கள் சுற்றி இருந்தவர்கள்தான்.

இனி மற்ற யோசனைகளுக்கு வருகிறேன். ஒரு குழந்தை நமக்குச் சொல்லும் யோசனை, பெரும்பாலும் அந்தக் குழந்தைக்கு எது உதவியதோ அதுதான். இதை ஆரம்பத்திலிருந்தே பார்க்கலாம். பெட்டி ரெபகோலி, ஆலிசன் கோப்னிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1997-இல் வெளியிட்ட சோதனை ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. குழந்தையின் முன்னால் ஒரு கிண்ணத்தில் பிஸ்கட், இன்னொன்றில் பச்சை ப்ரோக்கோலி. சோதனை செய்பவர் பிஸ்கட்டைத் தின்று முகம் சுளிக்கிறார், ப்ரோக்கோலியைத் தின்று "ஆகா" என்கிறார். பிறகு குழந்தையிடம் கை நீட்டி, "எனக்குக் கொஞ்சம் தா" என்கிறார். பதினான்கு மாதக் குழந்தைகள் பெரும்பாலும் பிஸ்கட்டையே கொடுத்தன. தனக்குப் பிடித்ததுதானே எல்லோருக்கும் பிடிக்கும்! பதினெட்டு மாதக் குழந்தைகளோ, தங்களுக்குப் பிடிக்காத அந்தப் பச்சைக் காயை எடுத்துக் கொடுத்தன. எதிரில் இருப்பவரின் விருப்பம் வேறு என்று புரிய, நாலு மாத இடைவெளி போதுமானதாக இருந்திருக்கிறது. ஆனால் விருப்பத்தைப் புரிந்துகொள்வது எளிது. மற்றவரின் கவலையை, பயத்தை, இழப்பைப் புரிந்துகொள்ளப் பல வருடங்கள் ஆகும். அழுகிற தோழனுக்கு ஆறுதல் சொல்ல, அவனுடைய அம்மா பக்கத்திலேயே நிற்கும்போதும், தன் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துவரும் குழந்தைகளைப் பற்றி மார்ட்டின் ஹாஃப்மன் என்ற உளவியலாளர் எழுதியிருக்கிறார். அன்பு முழுசாக இருக்கிறது, விலாசம்தான் கொஞ்சம் தப்பு.

இப்படிக் கேட்டால், மகளுடைய யோசனைகள் அவளைப் பற்றியே நிறையச் சொல்லும். மேனேஜருக்கு முறுக்கு கொடுக்கச் சொன்னாள். அவள் சிணுங்கினால் வீட்டில் முதலில், "பசிக்குதாடி?" என்றுதான் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். திட்டுகிறவரைக் கெட்டவர் என்று சொல்லாமல் பசியோடு இருப்பவர் என்று சொல்லும் பிள்ளையை, அன்பாகத்தான் வளர்த்திருக்கிறீர்கள்.

தாத்தாவுக்குச் சொன்ன தூக்க யோசனை இன்னும் சுவையானது. அது வெறும் வேடிக்கைப் பேச்சு இல்லை. தூக்கம் வராதவர்களுக்குப் பெரிய எதிரியே, "ஐயோ, இன்னும் தூங்கலையே" என்ற பதற்றம்தான். அதனால் விளக்கை அணைத்துவிட்டு, கண்ணைத் திறந்தபடி, முழித்தே இருக்கப்போகிறேன் என்று சும்மா படுத்திருக்கச் சொல்வது தூக்கமின்மைக்கான உளவியல் சிகிச்சையில் உள்ள ஒரு முறை. தூங்கியே ஆக வேண்டும் என்ற முயற்சி விலகியதும் பதற்றம் குறைகிறது, தூக்கம் தானாக வருகிறது. விக்டர் ஃபிராங்கல் என்ற ஆஸ்திரிய மனநல மருத்துவர் வகுத்த வழி அது. உங்கள் மகளுக்கு அவரைத் தெரியாது. "தூங்கு, தூங்கு" என்று தட்டும்போதெல்லாம் தூக்கம் வராமல், "தூங்க மாட்டேன்" என்று அடம்பிடித்த இரவுகளில் அசந்து தூங்கிப்போனதைத் தன்னிடமே கவனித்திருக்கிறாள். தாத்தாவை ஒருநாள் முயன்று பார்க்கச் சொல்லுங்கள். மறுநாள் காலை, "நீ சொன்னது வேலை செஞ்சுது" என்றோ, "எனக்கு சரிப்படலையே பாப்பா" என்றோ அவளிடம் வந்து சொல்லச் சொல்லுங்கள். (வாரக்கணக்கில் அவருக்குத் தூக்கம் இல்லை என்றால் மருத்துவரையும் பார்க்க வேண்டும். அதைப் பேத்தியின் பொறுப்பில் விட முடியாது.)

மறுநாள் வந்து பதில் சொல்வது என்றேனே, நான் உங்களிடம் முக்கியமாகக் கேட்டுக்கொள்வது அதைத்தான். சிரிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் சிரியுங்கள், சிரிப்பு வராமல் எப்படி இருக்கும்? ஆனால் சிரித்து முடித்த பிறகு அவளுக்கு ஒரு பதில் சொல்லுங்கள். ஐந்து வயதுக் குழந்தை யோசனை சொல்லும்போது நகைச்சுவை செய்வதாக நினைப்பதில்லை. உண்மையிலேயே யோசித்துத்தான் சொல்கிறது. கேட்டவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டுக் கலைந்துபோனால், தான் சொன்னதில் என்ன வேடிக்கை என்று அதற்குப் புரியாது. சில குழந்தைகள் அதில் கூசிப்போய்ப் பேசுவதைக் குறைத்துக்கொள்ளும். சில குழந்தைகள், சிரிக்க வைப்பதற்காகவே பேச ஆரம்பிக்கும். "முறுக்கா? நல்ல யோசனைதான். ஆனா மேனேஜர் பசியில திட்டலை, நான் கணக்கைத் தப்பாப் போட்டுட்டேன், அதான் திட்டினார். இப்ப என்ன பண்ணலாம்?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அந்தப் பேச்சு எங்கே போகிறது என்பதில் உங்களுக்கே ஆர்வம் வந்துவிடும்.

வீடியோ விஷயத்தில் மட்டும் உங்கள் கணவரிடம் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். ஸ்டேட்டஸில் போடுவதை நிறுத்திவிடுங்கள். பிள்ளை மேல் இருக்கும் பெருமையில்தான் செய்கிறார், அது எனக்குப் புரிகிறது. குழந்தைகள் பேசுவதைக் கேட்பதில் நமக்கு எவ்வளவு ஆசை என்பதற்கு, சன் டிவியில் இமான் அண்ணாச்சி அவர்களோடு பேசிய நிகழ்ச்சியை வீடு வீடாக உட்கார்ந்து பார்த்ததே சாட்சி. ஆனால் தினமும் போன் நீட்டப்படும்போது பிள்ளையின் பேச்சு மாறும். 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூவர், ஸ்டான்ஃபோர்டில் ஒரு மழலையர் பள்ளியில் நடத்திய சோதனையைச் சொல்கிறேன். படம் வரைவதில் ஆசையுள்ள குழந்தைகள் அவர்கள். சிலரிடம், வரைந்தால் தங்கநிற முத்திரை போட்ட சான்றிதழ் தருவதாக முதலிலேயே சொல்லி வரையச் சொன்னார்கள், கொடுக்கவும் செய்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து வகுப்பில் சும்மா இருக்கும் நேரத்தில் பார்த்தால், சான்றிதழுக்காக வரைந்தவர்கள் மற்றவர்களைவிட மிகக் குறைவாகவே ஸ்கெட்ச் பேனாவைத் தொட்டார்கள். ஆசையாகச் செய்துகொண்டிருந்தது பரிசுக்கான வேலை ஆகிவிட்டது. உங்கள் மகள் பாட்டிக்காகப் பேசினாள், தாத்தாவுக்காகப் பேசினாள். நாளைக்கு அவள் போனுக்காகப் பேசினால், அந்த அக்கறை எங்கே போகும்? இன்னொன்றும் இருக்கிறது. பதின்மூன்று வயதில் அந்த வீடியோவை வகுப்புத் தோழர்கள் பார்ப்பார்கள். அதற்கு அவள் இன்று சம்மதம் சொல்ல முடியாது. அவள் சொல்வதை மறக்காமல் வைத்துக்கொள்ள ஆசை என்றால், ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். என்ன நடந்தபோது சொன்னாள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அத்தையின் கவலையையும் ஒதுக்கிவிடாதீர்கள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வரக் கூடாது, ஒருவர் முடித்த பிறகு பேச வேண்டும் என்பதெல்லாம் அவள் கற்றுக்கொள்ள வேண்டியவைதான். ஆனால் வாயை அடக்கு என்பது அதற்கு வழி இல்லை. அத்தை அழகர்மலைப் பக்கம் பழமுதிர்சோலைக்குப் போகிறவராக இருந்தால், ஔவையார் நின்ற நாவல் மரத்தைச் சுட்டிக்காட்டிப் பேசலாம். "சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா பாட்டி?" என்று ஒரு மாட்டுக்காரச் சிறுவன் மேலிருந்து கேட்க, அவ்வளவு படித்த ஔவை அவனிடம் தோற்று, தோற்றதில் மகிழ்ந்து நின்ற இடம் என்று சொல்கிறார்களே. சுவாமிமலையில் தகப்பனே மகன் முன்னால் கைகட்டி உபதேசம் கேட்டதாகச் சொல்வது நம் ஊர் மரபு. குழந்தை சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது மேல்நாட்டிலிருந்து வந்த புதுப் பழக்கம் என்று அத்தை நினைத்தால், இதை அவரிடம் பணிவாகச் சொல்லுங்கள். அவரும் ஏதாவது ஒரு சின்ன விஷயத்துக்குப் பேத்தியிடம் யோசனை கேட்கட்டும். கோலத்துக்கு எந்தக் கலர், அமாவாசைக்கு என்ன பாயசம், இப்படி ஏதாவது.

யோசனை கேட்பதால் நன்மை உங்கள் மகளுக்கும்தான். அமெரிக்காவில் லாரன் எஸ்க்ரைஸ்-விங்க்லர் குழுவினர் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். தள்ளிப்போடாமல் படிப்பது எப்படி என்று தம்மைவிட இளையவர்களுக்கு ஆலோசனை எழுதச் சொன்னார்கள். ஆலோசனை எழுதியவர்களின் சொந்த மதிப்பெண்ணே கொஞ்சம் உயர்ந்தது. அந்த முடிவு 2019-இல் வெளிவந்தது. அவர்கள் பெரிய பிள்ளைகள், உங்கள் மகள் சின்னவள். ஆனாலும் ஐந்து வயதுக்காரர்களிடம் இதே வழி உதவுவதை என் வேலையில் அடிக்கடி பார்க்கிறேன். ஊசிக்குப் பயந்து அலறும் குழந்தையிடம், "இந்தக் கரடி பொம்மைக்கு ஊசின்னா பயமாம், அதுக்கு நீ என்ன சொல்லுவே?" என்று கேட்பேன். அலறல் நின்று, யோசிக்கத் தொடங்கும். "கண்ணை மூடிக்கோ, அம்மா மடியில உக்காந்துக்கோ, ஒன்னு ரெண்டு எண்ணு" என்று வரிசையாக வரும். பிறகு அதையே அவர்களிடம் நினைவூட்டினால் போதும், பாதி வேலை முடிந்துவிடும். உங்கள் மகள் கீரையைத் துப்பினாலும், பள்ளிக்கூடம் போக அழுதாலும் இதை முயன்று பாருங்கள். உங்களுக்கு இதைவிட நல்ல உதவியாள் கிடைக்கமாட்டாள், யோசனை சொல்வதில் அவளுக்கு இருக்கும் ஆர்வம் அப்படி.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய வரிக்கு வருகிறேன். எனக்கு அதுதான் மனதில் தங்கியது. நீங்கள் இருவரும் வாக்குவாதம் செய்யும்போது நடுவில் வந்து நிற்கிறாள், அப்பாவை மெதுவாகப் பேசச் சொல்கிறாள், உங்களை அடுப்படிக்குப் போகச் சொல்கிறாள். மற்றவற்றோடு சேர்த்து இதையும் வேடிக்கையாகவே எழுதியிருக்கிறீர்கள். இது வேடிக்கை இல்லை. முறுக்கு யோசனை அக்கறையில் வந்தது. இது பயத்தில் வந்திருக்கலாம். குரல் எப்போது உயரும், யாரை எங்கே அனுப்பினால் அடங்கும் என்று அவள் கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். ஐந்து வயதில் அந்தக் கணக்கு அவளுக்கு வேண்டாம்.

எந்த வீட்டில்தான் வாக்குவாதம் இல்லை? அதற்காக நீங்கள் குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை. பெற்றோர் சண்டையைப் பல வருடங்கள் ஆராய்ந்த மார்க் கம்மிங்ஸ் போன்றவர்கள் சொல்வதில் நமக்குப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. சண்டை நடந்ததா என்பதோடு, அது தீர்ந்ததைக் குழந்தை பார்த்ததா என்பதும் முக்கியம். பெரும்பாலான வீடுகளில் சண்டை குழந்தையின் முன்னால் நடக்கிறது, சமாதானம் குழந்தை தூங்கிய பிறகு நடக்கிறது. பிள்ளைக்கு முதல் பாதி மட்டுமே தெரிகிறது. மறுபாதியையும் அவள் பார்க்கட்டும். "அப்பா கத்திட்டேன், தப்பு" என்று அவள் கேட்கும்படியே அவர் சொல்லட்டும். நீங்களும் உங்கள் பங்கைச் சொல்லுங்கள். அவள் அடுத்த முறை நடுவில் வந்து நின்றால் இருவரும் அவள் உயரத்துக்குக் குனிந்து, "இது எங்க ரெண்டு பேர் விஷயம். நாங்களே சரி பண்ணிக்குவோம். உன்னால வந்தது இல்லை, நீ எதுவும் செய்ய வேண்டாம். போய் விளையாடு" என்று சொல்லுங்கள். சொன்னபடி சரி செய்தும் காட்டுங்கள்.

இதை இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து செய்து பாருங்கள். அதன் பிறகும் வீட்டில் குரல் உயரும்போது ஓடிவந்து நின்றாலோ, அடிக்கடி வயிறு வலிக்கிறது என்றாலோ, படுக்கையை நனைக்கும் பழக்கம் போய் மறுபடி வந்தாலோ, உங்களை விட்டு நகரவே மறுத்தாலோ, உங்கள் ஊரில் உள்ள குழந்தைகள் மனநல மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ கூட்டிப் போங்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகும்போது கணவரும் கூட வரட்டும்.